சூதுப் பணத்தால் ஊர்க்கணக்கு நேராகுமா?



இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு வியசனங்களை நம் அறநூல்கள் வரிசைப்படுத்தும்போது சூதையே முதலில் வைக்கின்றன. ஊனுண்ணல், கள்ளுண்ணல், கணிகையரை நாடல், வேட்டையாடல், களவு, பிறன்மனை விழைதல் ஆகிய ஆறும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசையைப் பிள்ளைப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆயினும் கூரிய வினா ஒன்று எதிர்ப்படும்போதுதான் மனப்பாடம் செய்ததை உண்மையில் கற்கத் தொடங்குகிறோம். அத்தகைய வினா ஒன்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

வினா எழுந்த விதம்

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழகத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி சீரமைக்கப்பட்டது. கட்டடத்தின் பரப்பிற்கும் பயனுக்கும் ஏற்ப 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை வரி உயர்ந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வீடும் கடையும் உடைய நம்மவர் பலரும் இவ்வுயர்வை உணர்ந்தனர். அதன் பின்னர் நம் வாரச் சுவாத்தியாய வகுப்பிலும் இப்பேச்சு அடிக்கடி எழுந்தது.

ஒரு ஞாயிறன்று, தொழிற்பேட்டை நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் இளைஞர் எழுந்து கேட்டார்: "ஐயா, சூது தீது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடுகிறவன் எப்படியும் ஆடத்தான் போகிறான். கோவாவில் இருப்பதுபோல் நம் பக்கமும் சூதாட்ட விடுதிக்கு உரிமம் கொடுத்து, அந்த வரியில் சாலையும் மழைநீர் வடிகாலும் அமைத்தால் என்ன? வீட்டு வரியை உயர்த்துவதைவிட அது மேலல்லவா?"

அவையில் சிலர் தலையசைத்ததை நாம் கண்டோம். சூது பாவம் என்ற ஒரே சொல்லால் அவரை அமர்த்தியிருக்க இயலும். ஆனால் அவர் கேட்டது வரவு செலவுக் கணக்கைப் பற்றி. கணக்கிற்குக் கணக்கினாலேயே விடை கூறுவதுதான் முறை. ஆகவே அடுத்த வாரம் விடை கூறுவதாகச் சொல்லி, அதற்கான செய்திகளைத் திரட்டலானோம். அவற்றின் தொகுப்பே இக்கட்டுரை.

தமிழகம் முன்பே எழுதிப் பார்த்த கணக்கு

சூதாட்டத்தை அனுமதிப்பதும் தடுப்பதும் ஒரு மாநகராட்சியின் அதிகாரத்தில் இல்லை. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக உள்ளன. ஆகவே ஆவடியோ அம்பத்தூரோ தனித்து முடிவெடுக்க இயலாது; மாநிலமே முடிவெடுக்க வேண்டும். நம் மாநிலமோ இந்த வினாவிற்குப் புதியதன்று.

1968இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசின் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பரிசு விழுந்தால் வீட்டிற்கு, விழாவிட்டால் நாட்டிற்கு என்னும் முழக்கம் அக்காலத்தில் ஊரெங்கும் வழங்கியது. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. நம் இளைஞர் கேட்ட வினாவின் கருத்தும் அம்முழக்கத்தின் கருத்தும் ஒன்றே. இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்ட அத்திட்டம் பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. தமிழகச் சீட்டுகளோடு பிற மாநிலச் சீட்டுகளும் தெருவெங்கும் விற்கப்பட்டன. முடிவில் 2003 ஜனவரியில், செல்வி ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, பரிசுச் சீட்டு விற்பனை தமிழகத்தில் முற்றிலும் தடை செய்யப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பார்த்த கணக்கை அரசே மூடியது.

ஏன் மூடியது? இதற்கு விடையாக, நம் வகுப்பிலேயே இருந்த பெரியவர் ஒருவரின் கூற்றைப் பதிவு செய்ய விரும்புகிறோம். அவர் 1990களில் தொழிற்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தின் அருகே பரிசுச் சீட்டுக் கடை நடத்தியவர். அதை இதுவரை நம்மிடம் அவர் சொன்னதில்லை. அன்று இளைஞரின் பக்கம் திரும்பி அவர் கூறியதாவது:

"தம்பி, ஏழு ஆண்டு நான் அந்தக் கடையில் உட்கார்ந்தேன். வெளியூர்ப் பணம் ஒரு ரூபாய்கூட என் கல்லாவில் விழுந்ததாக நினைவில்லை. வந்தவை எல்லாம் நம் தெருப் பணம். மாதச் சம்பள நாளன்று கூட்டம் நெருக்கும். இருபதாம் தேதிக்குமேல் அதே ஆட்கள் கடனுக்குச் சீட்டுக் கேட்பார்கள். பெரிய பரிசு என்று என் கடையில் விழுந்தது ஒரே முறை, பத்தாயிரம் ரூபாய். லேத் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு விழுந்தது. மூன்று மாதத்தில் அந்தப் பணம் முழுவதும் என் கடைக்கே திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வீட்டம்மா ஒருநாள் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். 'அவருக்குச் சீட்டுக் கொடுக்காதீர்கள் அண்ணா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அதற்குப் பிறகும் கொடுத்தேன். கடையை மூடியது அதற்கு ஓராண்டு கழித்துத்தான்."

அந்த இறுதி வாக்கியங்களைச் சொல்லும்போது அவர் தலை தாழ்ந்திருந்தது. பல ஆண்டுகள் சுமந்திருந்த ஒன்றை இளைஞர் ஒருவருக்காக அவையில் இறக்கி வைத்த அவருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அண்டை மாநிலமும் கோவாவும்

கேரளத்தில் மட்டும் சீட்டுத் திட்டம் நன்றாகத்தானே நடக்கிறது என்று சிலர் கேட்கலாம். கேரள அரசு 1967இல் தொடங்கிய பரிசுச் சீட்டுத் திட்டம் இன்றும் நடைபெறுகிறது. சீட்டு விற்றுப் பிழைக்கும் மாற்றுத்திறனாளிகளும் ஏழைகளும் அங்கு மிகப் பலர். ஏழை நோயாளிகளின் மருத்துவத்திற்காகவே காருண்யா என்ற பெயரில் ஒரு சீட்டும் 2011இல் தொடங்கப்பட்டது. இவற்றை மறைத்தல் நேர்மையாகாது.

ஆயினும் கணக்கைப் பார்ப்போம். அண்மை ஆண்டுகளில் அச்சீட்டுகளின் விற்பனை 10,000 கோடி ரூபாயைக் கடந்துள்ளது. அத்தொகையில் பாதிக்கு மேல் பரிசாகவே போய்விடும். முகவர் கழிவும் அச்சுச் செலவும் போக எஞ்சுவதே அரசிற்கு நிற்கும் உண்மையான வருவாய். அரை நூற்றாண்டிற்கு மேலாக இவ்வருவாயைப் பெற்றும் அம்மாநிலத்தின் நிதி நெருக்கடி தீரவில்லை. கடன் பெறும் வரம்பைப் பற்றி ஒன்றிய அரசுக்கு எதிராக 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை கேரளம் செல்ல நேர்ந்தது. சீட்டு சிலருக்குப் பிழைப்பைத் தந்தது உண்மை. ஆனால் அரசின் பற்றாக்குறையை அது தீர்க்கவில்லை.

அடுத்து, இளைஞர் எடுத்துக்காட்டிய கோவா. அங்கு 1976ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992இலும் 1996இலும் திருத்தம் செய்து, ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் பின்னர் கப்பல்களிலும் சூதாட்டத்திற்கு வழி திறந்தனர். பணஜி நகரை ஒட்டிய மாண்டவி ஆற்றில் அக்கப்பல்கள் நிற்கின்றன. வெளிமாநிலப் பயணிகள் அங்கு வந்து பணத்தை இழந்து செல்கின்றனர். அரசிற்கு வரி கிடைக்கிறது. ஆனால் 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் அச்சூதாட்ட விடுதிகளுக்குள் ஆடச் செல்லக் கூடாது என்று அம்மாநில அரசே விதித்தது. தன் கடையில் விற்கும் பண்டத்தைத் தன் பிள்ளைகள் உண்ணலாகாது என்று ஒரு வணிகர் சொன்னால், அப்பண்டத்தைப் பற்றி நாம் என்ன எண்ணுவோம்?

சிங்கப்பூரும் இதையே வேறு முறையில் செய்தது. நெடுங்காலத் தயக்கத்திற்குப்பின் 2005இல் முடிவெடுத்து, 2010இல் இரு பெரும் விடுதிகளைத் திறந்தது. அந்நாட்டுக் குடிமக்கள் உள்ளே செல்ல நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதித்தது. 2019இல் அதை 150 வெள்ளியாக உயர்த்தியது. கணவன் அல்லது மனைவி விண்ணப்பித்தால், சூதுக்கு அடிமையானவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கு வழி உண்டு. சுற்றுலாவால் வருவாய் பெருகியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது உலகப் பயணிகள் வந்திறங்கும் துறைமுக நாடு. நம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பயணிகள் சூதாட வருவார்களா? இங்கு விடுதி திறந்தால் அதற்குள் நுழைவோர் தொழிற்பேட்டைத் தொழிலாளரும், கடைக்காரரும், நம் பிள்ளைகளுமே ஆவர்.

சூதை நம்பிய இரு நகரங்கள்

நகரமொன்றின் நிதியைச் சூது காக்குமா என்பதற்கு நேரான சான்றுகள் அமெரிக்காவில் உள்ளன. நியூ ஜெர்சி மாநிலத்தின் கடற்கரை நகரமான அட்லாண்டிக் சிட்டி நலிவுற்றிருந்தது. அதை மீட்பதற்காக 1976இல் மக்கள் வாக்களித்து அந்நகரில் மட்டும் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தனர். 1978 மே மாதத்தில் முதல் விடுதி திறந்தது. சில பத்தாண்டுகள் பணம் குவிந்தது. 2006இல் விடுதிகளின் வருவாய் 500 கோடி டாலரைத் தாண்டியது. அப்போது பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவும் விடுதிகளைத் திறந்தது. எட்டே ஆண்டுகளில் அட்லாண்டிக் சிட்டியின் சூதாட்ட வருவாய் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. 2014ஆம் ஆண்டில் மட்டும் நான்கு விடுதிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். தங்கள்மீது விதிக்கப்பட்ட சொத்து வரி மிகையென்று விடுதிகள் வழக்காடிப் பெருந்தொகையைத் திரும்பக் கேட்டன. 2016இல் அந்நகரின் நிதி நிருவாகத்தை மாநில அரசே எடுத்துக்கொண்டது. வீட்டு வரிக்கு மாற்றாக வந்த சூது அங்கு வீட்டு வரியையும் சேர்த்து விழுங்கியது.

மற்றொன்று டெட்ராய்ட் நகரம். கார்த் தொழிலால் புகழ்பெற்று, அத்தொழில் நலிந்தபோது தானும் நலிந்த அந்நகரை, தொழிற்சாலைகளால் வளர்ந்த அம்பத்தூர் மக்கள் எளிதில் புரிந்துகொள்வர். 1996இல் மிச்சிகன் மாநில மக்கள் வாக்களித்தனர். 1999, 2000 ஆண்டுகளில் மூன்று விடுதிகள் திறந்தன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 17 முதல் 18 கோடி டாலர் வரி நகருக்குக் கிடைத்தது. சிறு தொகையன்று, தவறாமலும் வந்தது. தவறாமல் வந்ததாலேயே 2009இல் அவ்வருவாயை ஈடாகக் காட்டி வங்கிகளோடு கடன் ஒப்பந்தம் செய்தனர். 2013 ஜூலை 18 அன்று அந்நகரம் திவால் மனுத் தாக்கல் செய்தது. சூதாட்ட வரி வந்துகொண்டிருந்த நிலையிலேயே நகரம் திவாலாயிற்று என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வீழ்ச்சிக்குச் சூது மட்டும் காரணமென்று நாம் கூறவில்லை. மக்கள்தொகைக் குறைவும் ஓய்வூதியக் கடன்களும் பெருங்காரணங்கள். ஆனால் அந்த வீழ்ச்சியைச் சூதாட்ட வரியால் தடுக்க இயலவில்லை.

நம் ஊர்க்கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இனி எளிய கணக்கொன்றைப் போடுவோம். இது விளக்கத்திற்காக நாம் கற்பித்துக்கொண்ட கணக்கு. ஓர் ஊரில் 50,000 குடும்பங்கள் உள்ளன என்க. சூதாட்டத்தில், வென்றது போகத் தோற்றதை மட்டும் கணக்கிட்டால், சராசரியாக ஒரு குடும்பம் திங்களுக்கு 1,000 ரூபாய் இழக்கிறது என்க. ஆண்டிற்கு 60 கோடி ரூபாய் அவ்வூர் மக்களின் கையைவிட்டுப் போகும். இதில் ஐந்தில் ஒரு பங்கு வரியாக வந்தால் ஊருக்குக் கிடைப்பது 12 கோடி. எஞ்சிய 48 கோடி விடுதி நடத்துவோருக்குச் செல்லும்.

அதே 12 கோடியை நேரடி வரியாகத் திரட்டினால் ஒரு குடும்பத்திற்குத் திங்களுக்கு 200 ரூபாய் ஆகும். அப்படியானால் 200 ரூபாய் வரியைத் தவிர்ப்பதற்காக 1,000 ரூபாயை இழக்கும்படி ஊராரைக் கேட்கிறோம். மேலும் சராசரி என்பது கணக்கேட்டில் மட்டுமே உண்டு. எல்லாக் குடும்பமும் சமமாக ஆடுவதில்லை. மிகச் சிலர் மிகப் பெரிதாக ஆடி, வீட்டு நகையை அடகுவைத்து, அண்டையில் கடன்பட்டு அழிவர். நல்ல வரி என்பது இயன்றவரிடம் மிகுதியாகவும் இயலாதவரிடம் குறைவாகவும் பெறுவது. சூதின் வரியோ தன்னை அடக்க இயலாதவரிடமே மிகுதியாகப் பறிக்கிறது.

இவ்வருவாய்க்கு மற்றொரு குணமும் உண்டு. பெற்றுப் பழகிய அரசால் அதை எளிதில் விடமுடியாது. பரிசுச் சீட்டு ஒழிந்த அதே 2003ஆம் ஆண்டின் இறுதியில் மதுச் சில்லறை விற்பனையைத் தமிழக அரசின் டாஸ்மாக் நிறுவனம் ஏற்றது. 2023-24இல் மது வழியாக அரசிற்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். குறைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கின்றனர்; இத்தொகையை எங்கிருந்து ஈடுசெய்வது என்ற வினாவின்முன் எல்லாரும் நின்றுவிடுகின்றனர். குடிமகன் கெடுவதால் வாழும் கருவூலம், அவன் திருந்தும்போது வாடும். ஆளுவோரை இந்நிலையில் வைப்பது அவர்களுக்கும் நாம் செய்யும் தீங்காகும்.

"தடுத்தால் மறைவில் ஆடுவார்களே" என்ற வாதத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. 2003க்குப் பிறகும் மூன்றிலக்கச் சீட்டு மறைவில் விற்கப்படுவதும், விற்போர் கைதாவதும் நாம் அறிந்தவையே. இணையச் சூதாட்டம் கைப்பேசி வழியாக வீட்டு அறைக்குள்ளேயே புகுந்தது. ஆனால் அதற்கும் விடை உரிமம் வழங்கி வரி வாங்குவதென்று ஆட்சியாளர் முடிவு செய்யவில்லை. இணையப் பண ஆட்டங்களுக்கு 2023 அக்டோபர் முதல் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டிருந்தது. அவ்வரி வந்துகொண்டிருந்த நிலையிலும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவ்வாட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. தமிழக அரசு அதற்கு முன்பே 2022இல் தடைச் சட்டம் இயற்றியிருந்தது. களவும் மறைவில் நடக்கத்தான் செய்கிறது. அதற்காகக் களவுக்கு உரிமம் கொடுக்க யாரும் கேட்பதில்லை.

அறநூலின் பார்வை

திருக்குறளில் சூது என்னும் அதிகாரம் 94ஆவதாக உள்ளது. அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் உள்ளது. அரசும் அமைச்சும் பொருள் ஈட்டலும் பேசப்படும் பகுதியில் சூதை வைத்த ஆசிரியர், அது தனிமனிதனின் ஒழுக்கக் கேடு மட்டுமன்று, பொருளியற்கேடும் ஆகும் என்று கருதினார் எனக் கொள்ளலாம். கணக்குக் கேட்ட நம் இளைஞருக்கு அந்த வைப்பு முறையிலேயே விடை இருக்கிறது.

ஏழு வியசனங்களுள் சூது ஏன் முதலில் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம். சூதாடுபவன் விரும்புவது என்ன? உழைக்காமல் பொருள் வேண்டும்; அப்பொருள் பிறனுடைய இழப்பிலிருந்து வந்தாலும் கவலையில்லை. இந்த ஒரு விருப்பம் உள்ளத்தில் வேரூன்றினால் மற்றத் தீமைகளுக்கு வழி தானே திறந்துவிடும்.

இப்போது ஊரை நோக்குவோம். சூதாட்ட விடுதி வேண்டும் என்று கேட்கும் ஊர் விரும்புவது என்ன? நல்ல சாலை வேண்டும், வடிகால் வேண்டும், தெருவிளக்கு வேண்டும். ஆனால் அவற்றிற்கான பணம் நம் கையிலிருந்து போகலாகாது, தோற்கும் எவனோ ஒருவன் கையிலிருந்து வரவேண்டும். சூதாடியின் விருப்பமும் ஊரின் இவ்விருப்பமும் வேறல்ல. விடுதியின் வாயிலுக்குள் ஒருபோதும் கால்வைக்காத நல்லவரும், அவ்வரியால் தம் வீட்டு வரி குறையும் என்று மகிழும்போது சூதில் பங்குகொள்கின்றனர். இதுவே இப்பாடத்தின் சாரம் எனக் கருதுகிறோம்.

நம் கடமை

அப்படியானால் ஊர்க்கணக்கு எவ்வாறு நேராகும்? அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர வளரச் செலவும் வளரும். மாநில அரசு வழங்க வேண்டிய நிதிப் பங்கைக் குறைவின்றிக் காலத்தில் கேட்டுப் பெறுதல் மன்ற உறுப்பினர் கடமை. எஞ்சியது நம் கையில் உள்ளது. சொத்து வரியும் தொழில் வரியும் ஊருக்குச் சொந்தமான வருவாய்கள்.

இங்கு நாம் நம்மையே ஆராய்ந்துகொள்ள வேண்டும். மேல்மாடி கட்டியபின் அதன் பரப்பை மாநகராட்சிக்குத் தெரிவித்தோமா? கடையாகப் பயன்படும் முன்னறையை வீடு என்றே கணக்கில் வைத்திருக்கிறோமா? ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்துவிட்டுச் சாலைப் பள்ளத்தைப் பற்றிப் பேசுகிறோமா? களவு செய்யாமை என்ற அணுவிரதம் பிறர் வீட்டுப் பூட்டை உடைக்காமலிருப்பதோடு முடிவதன்று. செலுத்த வேண்டியதைக் குறைத்துக் காட்டுவதும் அவ்விரதத்திற்கு இழுக்கேயாகும். அரையாண்டின் முதல் மாதத்திற்குள் சொத்து வரியைச் செலுத்துவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகையும், 5,000 ரூபாய் உச்சவரம்பிற்கு உட்பட்டு, வழங்கப்படுகிறது. அறமும் ஆதாயமும் ஒருங்கே அமைந்த வாய்ப்பை வணிகப் பெருமக்கள் விடலாமா?

வரி மிகையென்று தோன்றினால் முறையீடு செய்வோம்; வரிப்பணம் எவ்வாறு செலவாயிற்று என்றும் துணிந்து கேட்போம். நேர்மையாகச் செலுத்தியவரின் கேள்விக்கு வலிமை மிகுதி.

இவற்றையெல்லாம் வகுப்பில் எடுத்துரைத்தபின் இளைஞர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கள் வீட்டு மேல்மாடி இன்னும் கணக்கில் சேரவில்லை ஐயா, அப்பாவிடம் பேச வேண்டும்" என்றார். பெரியவர் அவர் தோளில் கைவைத்து, "பேசு தம்பி, நாளைக்கென்று தள்ளாதே" என்றார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஏழு வியசனங்களுள் சூது முதலிடம் பெறுவது ஏன்? உம் வாழ்விலிருந்து ஒரு சான்று கூறுக.

2. கோவாவும் சிங்கப்பூரும் தம் மக்கள் சூதாட்ட விடுதிக்குள் செல்வதைத் தடுக்கவும் குறைக்கவும் முயல்வதிலிருந்து நாம் அறிவது யாது?

3. பரிசுச் சீட்டுக் கடையும் அடகுக் கடையும் பிறர் தாழ்ச்சியால் ஆதாயம் பெறும் இடங்களாகக்கூடும். நம் தொழிலில் அத்தகைய ஆதாயம் உண்டா? அதை எவ்வாறு தூய்மை செய்வோம்?

4. உம் வீட்டின் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பார்க்க. அதிலுள்ள பரப்பும் பயனும் உண்மையோடு ஒத்துள்ளனவா?

நான்காம் வினாவிற்கு வகுப்பில் விடை கூற வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம் நெஞ்சிற்கே அதைக் கூறிக்கொள்வாராக. அறம் வளர்க!